தூரத்துக் கதவு

"தரை ஏறுது டீச்சர்" என்றான் கடுகு.

காலையிலிருந்து அவன் அடித்த ஜோக்குகளில் இதுவும் ஒன்று என்று நினைத்தோ என்னவோ, டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாடக அரங்கத்தின் மாடியில், காரிடாரின் வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்தபடி நின்றார். இரண்டு பக்கமும் மேக்கப் அறைகளின் கதவுகள். மேலே வரிசையாக மங்கல் பல்புகள். கதவுகள் போகப் போகச் சிறுத்து, சுவர்கள் போகப் போக வெளுத்து, கடைசியில் ஒரே ஒரு கதவு. அதன் மேல்பாதியில் புள்ளியாக ஒரு வெளிச்சம். ரயிலே விடலாம், அவ்வளவு நீளம்.

"நிஜமாத்தான் சொல்றேன். உள்ள போகப் போக மேடா ஏறுது. பார்க்கும்போதே எனக்கு மூச்சு வாங்குது."

"காலையில சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

"அப்ப மயக்கம் இல்லை, கொழுப்பு. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க."

கடுகு வாயை மூடினான். அது அவனால் அதிக நேரம் செய்ய முடியாத வேலை.

டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி நடத்தியவர். களவுபோன கேள்வித்தாளை யார் எடுத்தார்கள் என்று ஒரே மதியத்தில் கண்டுபிடித்தார். எடுத்தது தலைமை ஆசிரியர் என்பதால் மறுநாளே வேலை போயிற்று. அன்றிலிருந்து துப்பறிவதுதான் தொழில். நின்றால் கதவு நிலை இடிக்கும் உயரம். கடுகோ சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். கவுண்ட்டருக்குள் அவன் உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்களுக்கு இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்வான். அதனால் சொந்தப் பெயர் அவனுக்கே மறந்துவிட்டது.

இன்று அவனுடைய சட்டைப் பையில் ஒரு இன்ஹேலர் இருந்தது. அது அவனுடையது இல்லை.

காலையில் ஆபீசைத் திறந்தபோது படிக்கட்டிலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இந்த அரங்கத்தின் சீன் பெயிண்டருடைய மனைவி. மேடைக்குப் பின்னால் தொங்குகிற திரைகளில் தெருவும் மலையும் அரண்மனையும் வரைகிறவர் அவள் கணவர். வியாழக்கிழமை வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அதே நாளில் அரங்கத்தின் பழைய பெரிய திரையும் காணாமல் போனது. முதலாளியின் செத்துப்போன அண்ணன் வரைந்த திரை அது. அண்ணிக்குச் சொந்தம். மியூசியத்தில் வைக்கக் கேட்டிருந்தார்கள். பெயிண்டர் அதைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

"என்னை விட்டுட்டுப் போவார், நம்பலாம்" என்றாள் அவள். "ஒரு தடவை சண்டை போட்டுட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போனவர்தான். ஆனா இதை விட்டுட்டுப் போகவே மாட்டார். தூசி பட்டாலே இழுப்பு வந்துடும். வியாழக்கிழமை அவசரத்துல மேசை மேலேயே வச்சுட்டுப் போயிட்டார்."

பிறகு அந்த இன்ஹேலரைக் கடுகின் கையில் வைத்து அழுத்தினாள்.

"கண்டுபிடிச்சதும் முதல்ல இதைக் குடுங்க. கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க."

கண்டுபிடித்தால் என்று சொல்லாமல் கண்டுபிடித்ததும் என்று சொல்லிவிட்டாள். அப்போதிருந்து கடுகுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒரு மனுஷனுடைய மூச்சைத் தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம் என்ற நினைப்பு அவனை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

"அந்தக் கடைசி லைட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது டீச்சர்" என்றான்.

"கடுகு!"

"சத்தியமா. அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

"அந்தப் பக்கம் பார்க்காதீங்க சார், தலை சுத்தும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மேனேஜர். கடுகின் உயரம், கடுகைப் போல இரண்டு மடங்கு அகலம். மூக்கில் புத்தம் புதுக் கண்ணாடி. அதைத் தூக்கிவிடுவதும் இறக்கிவிடுவதுமாக இருந்தார். மாடியேறி வந்த களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் காரிடார் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பவே இல்லை. கடுகு அதைக் கவனித்துவிட்டான்.

"ஏன் கயிறு கட்டியிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"பலகைத் தரை, கரையான் அரிச்சுட்டுது. காலை வச்சா நேரா மேடையிலதான் விழணும். முதலாளி உத்தரவு. கடைசி ரூம்கள் எல்லாம் காலிதான். போலீசும் இங்கேயே நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க."

"பெயிண்டரோட மனைவியை ஏன் மாடிக்கு விடலை?"

"அதுவும் முதலாளி உத்தரவுதான்" என்று மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "எனக்கென்ன தெரியும்? சொன்னதைச் செய்யறவன் நான்."

உன்னைப் போலச் சொன்னதைச் செய்கிறவர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன் என்று கடுகு மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அப்போது முதலாளியே வந்தார். நெடிய மனிதர், வெள்ளைச் சட்டை, வார்த்தைக்கு வலிக்குமோ என்று பேசுகிற குரல். வெகு நாளைக்குப் பிறகு டீச்சர் ஒருவரைக் குனியாமல் நேருக்கு நேர் பார்த்துப் பேசினார். கடுகுக்கு அவருடைய தாடை மட்டும்தான் தெரிந்தது.

"பெயிண்டர் எனக்குத் தம்பி மாதிரி" என்றார் முதலாளி. கண் கலங்கிற்று. "திரை போனதுகூடப் பரவாயில்லை. எங்கண்ணிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவன் உடம்புக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா போதும். அவன் சம்சாரத்தைக் கீழ ஃபேன் போட்டு உட்கார வச்சிருக்கேன். மனசு ஒடஞ்சு கிடக்குது, இந்தப் படியெல்லாம் ஏறி வரணுமா? நீங்க கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்னு நல்லாப் பாருங்க. இங்கேருந்தே எல்லாம் தெரியும்."

"தெரியுது" என்றார் டீச்சர்.

கீழே இறங்கும்போது கடுகு பொரிந்தான். "மேனேஜர்தான் டீச்சர். அந்தக் காரிடாரைப் பார்க்கவே மாட்டேங்கிறான். குத்தமுள்ள நெஞ்சு."

"முதலாளி?"

"அவரா? பாவம். அழுதாரே."

"நடிகர்கள் சம்பளம் வாங்கிக்கிட்டு அழற கட்டடம் இது" என்றார் டீச்சர். ஆனால் அவரும் எதையோ கோட்டைவிட்டவர் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டே இறங்கினார்.

*

பெயிண்டரின் வேலைக்கூடம் அரங்கத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. உள்ளே நுழைந்ததும் கடுகு சட்டென்று நின்றான். எதிரே ஒரு தெரு போய்க்கொண்டிருந்தது. விளக்குக் கம்பங்கள், மாடி வீடுகள், கோடியில் ஒரு மணிக்கூண்டு. கை நீட்டித் தொட்டான். துணி.

"அப்படித்தான் எல்லாரும் தொடுவாங்க" என்றாள் பெயிண்டரின் மனைவி. ஃபேன் காற்றை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அவளும் கடுகைவிட ஒரு விரல்கூட உயரம் இல்லை. "கண்டுபிடிச்சீங்களா?"

"இன்னும் இல்லைம்மா" என்றார் டீச்சர். "இதை எப்படி வரைவார், சொல்லுங்க. நீங்க கூட இருந்து பார்த்திருக்கீங்களா?"

"நூல் பிடிக்கிறதே நான்தானே." துணியின் நடுவில் மணிக்கூண்டின் அடியில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். "எந்தத் திரையா இருந்தாலும், பார்க்கிறவங்க எங்க உட்காருவாங்க, அவங்க கண்ணு எந்த உயரத்துல இருக்கும்னுதான் முதல்ல கேப்பார். அந்த உயரத்துல ஒரு ஆணி அடிப்பார். ஆணியில நூலைக் கட்டி, மறுமுனையை நான் பிடிச்சுக்கிட்டு நடப்பேன். நூல் போற வழிதான் கோடு. ரோடு, கூரை, ஜன்னல் எல்லாம் அந்த ஆணிக்கே போய்ச் சேரணும். அப்புறம் கிட்ட இருக்கிறதை அழுத்தமாப் பூசுவார். தூரம் போகப் போக வெளுக்கடிப்பார். அவ்வளவுதான், தட்டைத் துணி உள்ள போயிடும்."

"ஆணி உயரம் தப்பிப் போச்சுன்னா?"

"படமே கெட்டுப்போச்சுன்னு கத்துவார். ஒரு தடவை நான் அளந்து சொன்னதுல தப்பு. ரெண்டு நாள் பேசலை."

இதைச் சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சுவரில் கரியால் இழுத்த கோடுகள் இருந்தன. ஒவ்வொரு திரைக்கும் ஒரு கோடு, பார்ப்பவர் கண்ணின் உயரம். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் உயரத்தில் நெருக்கமாக இருந்தன. ஒரு கோடு மட்டும் வெகு மேலே தனியாக, புதிதாக இருந்தது.

"இது எந்தத் திரைக்கு?" என்றார் டீச்சர்.

"தெரியலைங்க. இதுக்கு என்னை நூல் பிடிக்கக் கூப்பிடலை. ரொம்ப நாளா மாடியில தார்ப்பாய் கட்டிக்கிட்டு ஏதோ வரைஞ்சார். முதலாளி விருந்தாளிங்களை அசத்தப் போறாராம், ரகசியம்னு சொன்னார். 'இது படம்னே யாருக்கும் தெரியாது. முடிஞ்சதும் உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்'னு சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சார். நானும் அரங்கம் பூராத் தேடிட்டேன். அப்படி ஒரு படம் எங்கேயும் இல்லை. மாடிக்குத்தான் விடமாட்டேங்கிறாங்க."

வெளியே கேட் பக்கம் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது.

"லாரி எதுக்கு?"

"பழைய தட்டி, பலகையெல்லாம் மாடியிலேருந்து இறக்கி ஏத்தறாங்களாம். முதலாளி காலையிலயே சொன்னார்."

கடுகு அந்த மேல்கோட்டுக்குக் கீழே போய் நின்றான். கோடு அவன் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. எம்பிக் கையால் தொட்டான். "உட்கார்ந்து பார்க்கிற உயரமே இல்லையே. ஒட்டகத்துக்கு வரைஞ்சாரா?"

"நின்னுக்கிட்டுப் பார்க்கிறவங்களுக்கு" என்றார் டீச்சர். அவரும் சுவரோரம் வந்து நின்றார். கோடு நேராக அவருடைய கண்ணுக்கே வந்தது.

"போச்சு. உங்களுக்காகவே வரைஞ்சிருக்கார்!"

டீச்சர் சிரிக்கவில்லை. கோட்டைப் பார்த்தார். கடுகைப் பார்த்தார். கடுகின் தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தார்.

"கடுகு, காலையில சொன்னீங்களே, அதைத் திருப்பிச் சொல்லுங்க."

"ரெண்டு தடவை சாப்பிட்டேன்னா?"

"அதுக்கும் முன்னாடி."

"தரை ஏறுதுன்னு..."

டீச்சர் ஓட ஆரம்பித்திருந்தார். அவர் ஓடிக் கடுகு பார்த்ததே இல்லை. ஓரத்தில் கிடந்த முக்காலியை அவன் கையில் திணித்துவிட்டு, "தூக்கிட்டு வாங்க!" என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாக ஏறினார்.

*

"ஏறி நில்லுங்க" என்றார் டீச்சர், கயிற்றின் முன்னால் முக்காலியைப் போட்டு.

கடுகு ஏறினான். காரிடாரைப் பார்த்தான். முக்காலியிலிருந்து விழாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"டீச்சர்! தரை சமமாயிடுச்சு!"

"இறங்குங்க."

இறங்கினான். "ஏறுது."

"ஏறுங்க."

"சமம்! என்ன டீச்சர் இது, பேய் பிடிச்ச தரையா?"

"தரையே இல்லை, கடுகு. நிஜத் தரையா இருந்தா யாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். குட்டையானவனுக்கு ஒரு மாதிரி, நெட்டையானவளுக்கு ஒரு மாதிரி தெரியாது. ஆணி அடிச்ச உயரத்துல கண்ணு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது காரிடார். அதுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு மேடு." டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வருஷக்கணக்கா பிளாக்போர்டுல இதைத்தானே கோடு போட்டுக் காட்டினேன்! என் கண்ணு சரியான உயரத்துல இருந்ததாலேயே நான் ஏமாந்தேன். நீங்க ரெண்டு தடவை சொல்லியும் நான் கேட்கலை."

கடுகுக்குப் புரிந்தும் நம்பிக்கை வரவில்லை. சுவர் மாடத்தில் தையல்காரர் யாரோ விட்டுப்போன நூல்கண்டு இருந்தது. அதை எடுத்துக் கயிற்றுக்கு அடியில் உருட்டிவிட்டான். நூல்கண்டு பலகைமேல் கடகடவென்று ஓடிற்று. மூன்றாவது கதவைத் தாண்டியதும், இன்னும் பத்துக் கதவு தூரம் பாக்கி இருக்கும்போதே, "டொக்" என்று முட்டி அங்கேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் நான்காவது கதவின் அகலம், நூல்கண்டைவிட ஒரு சாண்தான் கூடுதலாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறான். அரைக் காரிடாரைப் பெயிண்டில் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறான்.

"அப்ப அந்தக் கடைசிக் கதவு..."

"தூரத்துல இருக்கிற பெரிய கதவு இல்லை" என்றார் டீச்சர். "கிட்ட இருக்கிற சின்னக் கதவு."

"யாருய்யா அது, கயிற்றுக்குப் பக்கத்துல!" மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்தார். கடுகு காத்திருந்தது இதற்குத்தான். பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தான்.

"மாட்டினீங்களா! பெயிண்டரை உள்ள வச்சுப் பூட்டிட்டு அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேங்கிறீங்க!"

"பெயிண்டரா? பூட்டினேனா?"

"அவரை விடுங்க, கடுகு" என்றார் டீச்சர். "மேனேஜர், மறைக்காம சொல்லுங்க. இந்தத் தரை உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

மேனேஜர் அழுதுவிடுவார் போலிருந்தது. "மேல ஏறுதும்மா! கரையான் வேலைன்னு கட்டின தார்ப்பாயைப் போன வாரம் எடுத்ததுலேருந்து ஏறுது. முதலாளிகிட்ட சொன்னா சிரிக்கிறார், கண்ணைக் காட்டச் சொல்றார். டாக்டர்கிட்ட போனேன், கண்ணாடி மாத்தினேன், அப்பவும் ஏறுது. எனக்கு மூளைக் கோளாறோன்னு வீட்டுல கூடச் சொல்லலை. அதான் பார்க்கிறதையே விட்டுட்டேன்."

"உங்க கண்ணுல கோளாறு இல்லை. கடுகு, தையல்காரர் சட்டைக்கு அளவெடுத்தா அது யாரோட சட்டைன்னு சொல்லிடலாம் இல்லையா? இந்தப் படத்துக்கும் ஒருத்தரை நிக்க வச்சு அளவு எடுத்திருக்கார். இங்க நின்னு தன் கண்ணைக் காட்டினவர் மேனேஜரா இருந்தா ஆணி உங்க கண்ணு உயரத்துல இருக்கும். ஆனா ஆணி என் கண்ணுக்கு நேரா இருக்குது."

"அப்ப நீங்கதான் குற்றவாளியா டீச்சர்?"

"இந்தக் கட்டடத்துல என்னைக் குனிய வைக்காம, நேருக்கு நேர் பார்த்துப் பேசினவர் ஒரே ஒருத்தர்தான்."

"டீ சொல்லியிருக்கேன். ஆறிடப் போகுது" என்றது பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல்.

முதலாளி மாடிக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவுப் பிடியில், மற்றொன்று சுவிட்சின் மேல். முகத்தில் கோபமே இல்லை. கடுகு சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எங்கண்ணன் திரையை மியூசியத்துல மாட்டி, அண்ணி பேரை எழுதுவாங்களாம்" என்றார். "அவன் வரையும்போது கலர் கலக்கிக் கொடுத்தது யாரு? நான். என் பேரு எங்க?"

"உங்க பேருக்காகப் பெயிண்டருக்குத் திருடன்னு பேரா?" என்றார் டீச்சர்.

"அவன் வரைஞ்சதோட நின்னிருக்கணும். கடைசிக் கதவுக்குள்ள எட்டிப் பார்த்திருக்கக் கூடாது."

"லாரி போனதுக்கப்புறம் அவரை என்ன செய்யறதா இருந்தீங்க?"

முதலாளி அந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்பவர் போலப் புருவத்தைத் தூக்கினார். அவர் அதை யோசித்திருக்கவே இல்லை என்பது கடுகுக்குப் புரிந்தது. உள்ளே ஒரு மனிதன் மூச்சுக்குத் தவிக்கும்போது யோசிக்காமலே இருந்திருக்கிறார். சுவிட்ச் "டக்" என்றது. கதவு மூடிக்கொண்டு, வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலே இல்லாத காரிடார். கும்மிருட்டு.

மேனேஜர் ஏதோ சாமியை அழைத்தார். டீச்சர், "அசையாதீங்க" என்றார். கடுகு அசையவில்லை. அவன் எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்ததும் காரிடார் மொத்தமாகச் செத்துப்போயிருந்தது. வரிசைப் பல்புகள் இல்லை, கதவுகள் இல்லை, ஏறுகிற தரையும் இல்லை. எல்லாம் வெறும் பெயிண்ட்தானே. ஆனால் அந்தக் கடைசிப் புள்ளி மட்டும் அணையவில்லை. இருட்டில் ஊசிமுனை போல நின்றது. ஆணி போன ஓட்டை. அதற்குப் பின்னால் எங்கேயோ நிஜப் பகல் இருந்தது.

புள்ளி மறைந்தது. திரும்ப வந்தது. மறைந்தது.

அந்தப் பக்கம் யாரோ ஓட்டையில் முகத்தை வைத்து வைத்து எடுக்கிறார்கள்.

"டீச்சர், கண்ணடிக்குது!" என்று கத்திக்கொண்டே கடுகு கயிற்றுக்கடியில் நுழைந்து ஓடினான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழமே இல்லை என்று தெரிந்தபின் என்ன பயம்? நாலே எட்டில் சுவர் நெஞ்சில் முட்டியது. உள்ளங்கையால் தடவினான். பலகை, பெயிண்டின் சொரசொரப்பு, தலைக்கு மேலே ஒரு விளிம்பு, அதில் இரும்பு. எட்டவில்லை.

இரண்டு நீளக் கைகள் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கின. டீச்சர்தான். "ரெண்டு தடவை சாப்பிட்டது நல்லாத் தெரியுது" என்று முனகினார்.

"பேசாம பிடிங்க டீச்சர்!" டீச்சரை அவன் அதட்டியது அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாள் கொஞ்சம் அடம்பிடித்து விலகியது. சின்னக் கதவு திறந்துகொண்டது. வெளிச்சம் முகத்தில் அடித்தது.

பின்னால் மேனேஜர் போனில் அலறிக்கொண்டிருந்தார். "கேட்டைப் பூட்டுடா! லாரி வெளிய போகக் கூடாது. யார் சொன்னாலும் திறக்காதே. என்னது, முதலாளி சொன்னாலா? முதலாளி சொன்னா கண்டிப்பாத் திறக்காதே! போலீசைக் கூப்பிடு!"

கடுகு தலைகீழாக உள்ளே விழுந்தான். நீண்ட, தூசி மண்டிய இடம், கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு வழியாகப் பகல் வெளிச்சம். அதுதான் பாதிக் காரிடார். சுவரோரம் யானைத் தும்பிக்கை போலச் சுருட்டிக் கிடந்தது பெரிய திரை. அதன் மேல் ஏறி நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது சரிந்து உட்கார்ந்திருந்தார். ஓரமாக பிரெட் உறையும் தண்ணீர் பாட்டிலும். உதடு வெளுத்து, தோள்பட்டை ஏறி இறங்க, நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஏதோ சொல்ல வந்தார், காற்றுதான் வந்தது.

கடுகின் வாயில் நூறு கேள்வி வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து மூடியைக் கழற்றி அவர் வாயில் வைத்து அழுத்தினான். ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. விசில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. அது முழுதாக நிற்கும்வரை கடுகும் மூச்சு விட்டதாக நினைவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டான்.

"கத்தினேன்" என்றார் பெயிண்டர். "முதல் நாள் கத்தினேன். கீழ ஒத்திகை மேளம். அப்புறம் கத்த மூச்சு இல்லை. ஆணியை மட்டும் குத்தி வெளிய தள்ளினேன். யாராவது பார்ப்பாங்கன்னு."

"பார்த்தேன் சார்" என்றான் கடுகு. "காலையிலயே பார்த்தேன். நான் சொன்னா இங்க யார் நம்பறாங்க?"

*

வெளிக்கதவைத் திறந்தது பெயிண்டரின் மனைவிதான். மாடியில் சத்தம் கேட்டதும் தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு ஏறி வந்திருக்கிறாள். எதிரே முதலாளி இறங்கிப் போனாராம். வழிவிடுங்கம்மா என்று அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னாராம். பூட்டிய கேட்டுக்கும் லாரிக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருப்பதாகக் கீழேயிருந்து காவல்காரர் குரல் கொடுத்தார்.

அவள் எதையும் காதில் வாங்கவில்லை. டீச்சரும் மேனேஜரும் கைத்தாங்கலாக அழைத்து வந்த கணவரைப் பார்த்தாள். சட்டையெல்லாம் தூசி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று கடுகு எதிர்பார்த்தான். அவள் அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைக்கக் கையை ஓங்கி, அதே கையால் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மேசை மேல வச்சுட்டுப் போவீங்களா? இனிமே வச்சுட்டுப் போவீங்களா?"

"மாட்டேன்" என்றார் அவர். "சத்தியமா மாட்டேன்."

டீச்சர் போய் விளக்கைப் போட்டார். செத்துக் கிடந்த காரிடார் ஒரே நொடியில் உயிர் பெற்று, கதவுக்குப் பின் கதவாக உள்ளே ஓடியது. தன்னை விழுங்கப் பார்த்த அந்தச் சுவரைப் பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். இத்தனைக்குப் பிறகும் அவர் முகத்தில் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. மனிதன் திருந்தவே மாட்டான் என்று கடுகு நினைத்துக்கொண்டான்.

"காட்டறேன்னு சொன்னேன் இல்ல?" என்றார் மனைவியிடம். "பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றருகே நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்தும் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லாவே இல்லை" என்றாள். "தரை ஏறுது."

"அம்மா" என்று கடுகு கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கினான், "அதைத்தாம்மா நான் காலையிலேருந்து தொண்டை கிழியச் சொல்றேன்!"

பெயிண்டர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மனைவி இன்ஹேலருக்காகக் கையை நீட்டினாள். கடுகு கொடுத்தான். அவள் அதைத் திரும்பக் கொடுக்கவில்லை, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடுத்ததை என் உயரத்துக்கு வரைங்க" என்றாள். "நூலை நான் பிடிக்கிறேன்."